வடகால்புதூர் லிங்கனின் ஒற்றை ஓட்டு

கருத்தையா அண்ணாச்சியின் முகத்தை அவருடைய பெண்சாதி இசக்கியம்மாவைவிட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன். தச்சநல்லூரில் பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை என்னுடையது. ஒரு முகத்தைக் கம்ப்யூட்டரில் எட்டடி அகலத்துக்கு இழுத்து வைத்து, கன்னத்து மருவை அழித்து, காதில் வளர்ந்த மயிரைக் கழித்து, நரைக்குக் கறுப்படித்து முடிப்பதற்குள், அந்த ஆளுக்கே தெரியாத சங்கதியெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். தேர்தல்தோறும் அந்த முகத்தை நான் அழகாக்கிக் கொடுத்தேன். ஒரு தடவைகூட அது ஜெயிக்கவில்லை. என் வேலையில் குறை ஒன்றும் இல்லை, வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன்.

பிளக்ஸ் வருவதற்கு முன்னால் நான் சுவரில் எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் செந்தில்முருகன், சுண்ணாம்புச் சட்டியும் கையுமாகத் திரிந்ததால் 'ஆர்ட்டிஸ்ட் செந்தில்'. தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வடகால்புதூர் ஊராட்சியின் நாலாவது வார்டில் உறுப்பினர் பதவிக்கு அண்ணாச்சி முதன்முதலாக நின்றார். சின்னம் பூட்டு சாவி. என் ஓட்டு வேறு வார்டில் இருந்தாலும் அவருக்காக நான் பதினோரு சுவரில் பூட்டு வரைந்தேன்.

அவர் தொழில் மனு எழுதுவது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேஜையும் ஸ்டூலும் போட்டு உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்கு அவருக்குத் திருவிழா. பட்டா வரவில்லை, பென்சன் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை இந்தப் பக்கம் திருப்பிவிட்டான் என்று வருகிற அத்தனை பேருக்கும் மணிமணியான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார். எழுதத் தொடங்கும் முன் தாளின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி. அவர் போடுகிற 'உ' தனி ரகம். வால் நீண்டு போய், கீழே இரண்டு கோடு விழுந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். பால் பாக்கெட் வாங்கப் போகிற சீட்டில்கூட அது இல்லாமல் அவருக்குப் பேனா நகராது. என் பிளக்ஸிலும் அதைப் போடச் சொல்லிப் படுத்துவார். நான் எங்கே போட்டாலும் அது அவர் தலையில் முட்டும். "தலைய எறக்கு, சுழிய எறக்காத" என்பார்.

எதற்கு இந்தத் தேர்தல் என்று அப்போது கேட்டேன்.

"ஊருக்கு மனு எழுதி எழுதிக் கை தேஞ்சதுதான் மிச்சம், செந்திலு. உள்ள போயி உக்காந்துட்டா மனு எதுக்கு? தீர்மானமே போட்டுரலாம்லா."

ஓட்டுப் போடுவது எப்படி என்று ஊருக்கே பாடம் எடுத்தார். உள்ளாட்சிக்கு மெஷின் கிடையாது, நிறத்துக்கு ஒன்றாக நாலு சீட்டுத் தருவார்கள். முத்திரையைச் சின்னத்தின் மேல் மட்டும் குத்த வேண்டும், மை காயாமல் மடித்தால் பக்கத்துச் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும், இந்த வாக்கில் மடிக்க வேண்டும் என்று அட்டையில் மாதிரிச் சீட்டு எழுதித் தெருத்தெருவாகக் காட்டினார். யாருக்குப் போட்டோம் என்பதைப் புருசன் பெண்சாதிகூடப் பேசிக்கொள்ளக் கூடாது, ஓட்டு ரகசியம் என்றார். ஜனங்களும் நன்றாகக் கற்றுக்கொண்டு ஐயம்பெருமாளுக்குப் போட்டார்கள்.

ஐயம்பெருமாள் வேறு யாரும் இல்லை, இசக்கியம்மாவின் தாய்மாமன் மகன். அவருக்கு நூற்று நாற்பத்து மூன்று. இன்னொருவருக்குத் தொண்ணூற்றேழு. கருத்தையாவுக்கு ஒன்று.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிறவனை முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "ஒங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடப் போறோம்" என்று எல்லாரிடமும் சொல்வார்கள். அதை நம்பி இருநூறு ஓட்டு என்று கணக்குப் போட்டிருந்த மனுசன், அறிவிப்பைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். அன்றிலிருந்து ஊருக்குள் அவர் 'ஒத்த ஓட்டுக் கருத்தையா'.

ஊர் சிரித்தது அவருக்குப் பெரிதில்லை. பத்து நாள் கழித்து டவுணில், வாகையடி முக்கில் டீ குடிக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"அந்த ஒரு ஓட்டு நான் போட்டது, செந்திலு."

"சரி, அதனால என்ன?"

"எங்க வீட்டுல ரெண்டு ஓட்டு இருக்குல்லா?"

இசக்கியம்மா மதினி தன் மாமன் மகனுக்குக் குத்திவிட்டார் என்பது அவர் முடிவு. கேட்டீர்களா என்றேன். "எப்படிலே கேக்க? ரகசியம்னு ஊருக்குப் பாடம் எடுத்தவன் வீட்டுல போயி விசாரணை வைக்கச் சொல்லுதியா?" என்றார். கேட்கவே இல்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நாலாவது நாள் புளிக்குழம்பு நன்றாக இருந்ததால் பேச ஆரம்பித்தாராம். ஆனால் அந்த இரண்டாவது ஓட்டு அவர் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் நின்ற தேர்தல் எல்லாமே உண்மையில் அந்த ஒரு ஓட்டுக்காகத்தான். தீர்மானம், தெருவிளக்கு எல்லாம் வெளியே சொல்லிக்கொள்ள.

அந்தச் சமயத்தில்தான் லிங்கன் வந்து சேர்ந்தார்.

டவுணில் ஒரு கல்யாண மண்டபத்தில் தன்னம்பிக்கைப் பேச்சு நடந்தது. மதுரைப் பக்கமிருந்து வந்த பேச்சாளர், அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கையைத் தோல்வி தோல்வியாக அடுக்கினார். சட்டசபைத் தேர்தலில் தோல்வி. வைத்த கடை திவால். செனட்டுக்குத் தோல்வி. துணை ஜனாதிபதிக்குத் தோல்வி. மறுபடியும் செனட்டுக்குத் தோல்வி. "எட்டுத் தோல்வி! ஒன்பதாவது? ஜனாதிபதி!" என்று அவர் மேஜையைக் குத்தியதும் மண்டபமே கைதட்டியது. அண்ணாச்சி கைதட்டவில்லை. நோட்டீசைத் திருப்பி வைத்து, உச்சியில் சுழி போட்டு, எட்டையும் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்.

"நமக்கு ஒண்ணு முடிஞ்சிட்டு. இன்னும் ஏழுதான்."

நானும் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டுதலுக்கு இருபத்தைந்து வருசம் அனுபவித்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் மறுபடி நின்றார், ஒன்பது ஓட்டு. ஒன்பது மடங்கு வளர்ச்சி என்று நோட்டீஸ் அடித்து நன்றி சொன்னார். அந்த ஒன்பதில் மதினியின் ஓட்டு உண்டா என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் தவித்ததுதான் பாக்கி. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கழகத் தலைவருக்கு நின்று தோற்றார். கோயில் கொடை விழாக் கமிட்டிக்கு நின்று தோற்றார். இதெல்லாம் கணக்கில் சேருமா என்று கேட்டேன். "அவரு கடை நொடிச்சுப் போனதையே தோல்வியிலதானலே சேத்திருக்காவ?" என்றார்.

இரண்டாயிரத்து ஆறில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அண்ணாச்சி வீட்டில் போய், "ஏளா, நீ நில்லு" என்றாராம். மதினி பீடி சுற்றுகிறவர். மடியில் சொளகும், அந்த முறத்தில் இலையும் தூளுமாக எந்நேரமும் கை ஓடிக்கொண்டே இருக்கும். கையை நிறுத்தாமல், "நான் நின்னா ஜெயிச்சிருவேன். அப்புறம் நீங்க எங்க போயி நிப்பீய?" என்றாராம். உண்மைதான், நாலாவது வார்டில் அவர் பேச்சுக்குப் பாதித் தெரு கட்டுப்படும். அந்த வருசம் கணக்குக் குறையக் கூடாது என்று பால் சொசைட்டி டைரக்டருக்கு நின்று அண்ணாச்சி தோற்றுக்கொண்டார்.

இரண்டாயிரத்துப் பதினொன்று தாடி வருசம். தேர்தலுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் கடிதம் எழுதித்தான் லிங்கன் தாடி வைத்தார் என்று எங்கோ படித்துவிட்டு, கடிதம் எழுதப் பெண் யாரும் இல்லாததால் தானே முடிவு செய்து வளர்த்தார். மீசை இல்லாத தாடி. நான் எவ்வளவோ சொன்னேன். பிளக்ஸுக்குப் படம் எடுத்த மறுநாள் சின்னம் ஒதுக்கினார்கள், சீப்பு. தாடிக்குப் பக்கத்தில் சீப்பை வைத்துப் பன்னிரண்டு இடத்தில் கட்டினோம். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் சலூன் திறப்பு விழா என்று நினைத்தார்கள். ஆனாலும் நாற்பத்தொரு ஓட்டு விழுந்தது.

அந்தத் தேர்தலில் அவர் சொந்த வீட்டுக்கு ஓட்டுக் கேட்டுப் போனதை நானே பார்த்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் கேட்டுக்கொண்டே வந்தவர், தன் வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

"நாலாவது வார்டு வேட்பாளர் கருத்தையா. சீப்புச் சின்னம். மறந்துராதீங்க தாயி."

மதினி நிமிர்ந்து பார்த்தார். நோட்டீசை வாங்கி அதில் கொஞ்சம் பீடித்தூளைக் கொட்டி வைத்துக்கொண்டார்.

"பாப்போம். எல்லாரும்தான் வந்து கேக்குதாவ" என்றார்.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தெருமுனை வந்ததும், "பாப்போம்னு சொன்னாளா, இல்ல போடுவோம்னு சொன்னாளா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அவர் மேல் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இந்த மனுசனுக்கு அமெரிக்கா பக்கம், அடுப்படி தூரம்.

அதன் பிறகு பத்து வருசம் உள்ளாட்சித் தேர்தலே வரவில்லை. அண்ணாச்சி சும்மா இருந்தாரா? மனு எழுதுவோர் சங்கத் தலைவர், வாய்க்கால் பாசனச் சங்கம் என்று தேடித்தேடித் தோற்று எட்டை நிரப்பினார். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் தேர்தல் அறிவித்ததும் என் கடைக்கு வந்தவருடைய நடையே வேறாக இருந்தது.

"செந்திலு, எட்டு முடிஞ்சது. இது ஒம்பது. பிளக்ஸ பெருசா அடி. இந்தத் தடவை லிங்கன் படமும் போடு."

கடையில் அந்நேரம் பிரேமலதா டீச்சர் இருந்தார். பக்கத்து ஊர் ஸ்கூலில் வரலாறு எடுக்கிறவர், ஆண்டு விழா பேனருக்குப் பிழை பார்க்க வந்திருந்தார். அண்ணாச்சி தன் பழைய நோட்டீசை எடுத்து, சுழி போட்ட அந்த எட்டுத் தோல்விப் பட்டியலைப் பெருமையாக அவரிடம் நீட்டினார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தோத்ததெல்லாம் அனேகமா சரிதான். ஜெயிச்சதை எழுதலியே?"

"ஜெயிச்சது கடைசியிலதான டீச்சர்?"

"யாரு சொன்னா? மொதல் தேர்தல்ல தோத்தாரு. ரெண்டு வருசத்துல மறுபடி நின்னாரு, ஜெயிச்சிட்டாரு. அப்புறம் வரிசையா மூணு தடவை அதே சட்டசபைக்கு ஜெயிச்சாரு. ஒரு தடவை காங்கிரசுக்கும் போனாரு. பேச்சாளருங்க அதை விட்டுட்டுச் சொல்லுவாங்க. ஜெயிச்சதைச் சொன்னா யாரு கைதட்டுவா?"

அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருசத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

"ரெண்டாவது தடவையேவா? அப்போ நான் ரெண்டாயிரத்து ஒண்ணுலயே ஜெயிச்சிருக்கணுமே!"

டீச்சர் ஆறுதல் சொல்வதாக நினைத்து இன்னும் ஒரு குத்துக் குத்தினார். "அந்த மொதல் தேர்தல்ல தோத்தாருல்லா, அதுலயும் அவரு குடியிருந்த ஊர்க்காரங்க கைவிடல அண்ணாச்சி. முந்நூறு ஓட்டுல இருநூத்தி எழுபத்தேழு அவருக்குத்தான் போட்டாங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு ஊரே போட்டது, எனக்கு வீடே போடவில்லை.

"இன்னொண்ணு தெரியுமா?" டீச்சர் விடுவதாக இல்லை. "ஜனாதிபதி தேர்தல்ல அவரு தனக்கே ஓட்டுப் போட்டுக்கல. சீட்டோட மேல்பக்கத்துல தன் சார்பா நின்ன கட்சிக்காரங்க பேரை வெட்டி எடுத்துட்டு, மிச்சச் சீட்டைத்தான் பெட்டியில போட்டாரு. கூச்சம்."

"கூறுகெட்ட தனமால்லா இருக்கு" என்றார் அண்ணாச்சி. முதல்முறையாக லிங்கனைப் பற்றி ஒரு குறை சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். எழுந்து போகும்போது, பிளக்ஸில் லிங்கன் வேண்டாம் என்றார். தலை மேலே சுழி மட்டும் இருந்தால் போதுமாம்.

லிங்கன் போனதில் ஒரு நல்லது நடந்தது. அந்த வருசம் அவர் ஒழுங்காக வேலை செய்தார். யார் யாருக்கு என்ன மனு எழுதினார், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வீடு வீடாக உட்கார்ந்து பேசினார். எதிரே நின்றது பேச்சிராஜ் ஒருவன்தான். டிராக்டர் வைத்திருக்கிற சின்ன வயசுக்காரன், நல்ல பையன். ஜனங்கள் இரண்டு பேரிடமும் "ஒங்களுக்குத்தான்" என்றார்கள். ஆனால் இந்தத் தடவை அண்ணாச்சியிடம் சொல்லும்போது கொஞ்சம் தண்ணீரும் கொடுத்தார்கள்.

வாக்கு எண்ணிக்கை அன்று ஏஜெண்டாக நானே கூடப் போனேன். இதற்கு முந்தைய தடவைகளில் கூட்டத்துக்குள் வராமல் வெளியே மரத்தடியில் நின்று, ஒலிபெருக்கியில் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் அவர் வழக்கம். இந்தத் தடவை நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். கொரோனா காலம், எல்லாரும் முகக்கவசத்தோடு நின்றார்கள். நிறம் நிறமாகப் பிரித்து, எங்கள் வார்டின் வெள்ளைச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி எண்ணினார்கள்.

பேச்சிராஜ் நூற்று முப்பத்தொன்று. கருத்தையா நூற்று முப்பது. செல்லாதது மூன்று.

நான் விடுவேனா? மறுபடி எண்ணச் சொல்லிக் கத்தினேன். எண்ணினார்கள், அதேதான். செல்லாததைக் காட்டுங்கள் என்றேன். அதிகாரி பொறுமைசாலி, ஒவ்வொன்றாக விரித்து மேஜை மேல் வைத்தார். முதல் சீட்டில் இரண்டு சின்னத்திலும் குத்தியிருந்தது. இரண்டாவது வெறும் சீட்டு. மூன்றாவதில், எங்கள் சின்னமான மூக்குக் கண்ணாடியின் மேல், கோடு தாண்டாமல், மை பரவாமல், அச்சுக் குத்தினாற்போல ஒரே ஒரு முத்திரை. சீட்டின் உச்சியில் மட்டும் நீல மையில் ஒரு பிள்ளையார் சுழி.

"எழுத்தோ குறியோ எதுவும் இருக்கக் கூடாது. போட்ட ஆளை அடையாளம் தெரிஞ்சிரும். இது செல்லாது" என்றார் அதிகாரி.

"சாமியக் கும்பிட்டு ஓட்டுப் போட்டிருக்கான் சார்! நல்ல காரியத்துக்குச் சுழி போடாம எவன் தொடங்குவான்? இதுல ஆளை எப்படி சார் அடையாளம் தெரியும்?" என்று நான் குதித்தேன்.

குதித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுழியைப் பார்த்தேன். நீண்ட வால். கீழே இரண்டு கோடு. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

இருபத்தைந்து வருசமாக அந்தச் சுழியைச் சுவரிலும் பிளக்ஸிலும் நகல் எடுத்த கை என்னுடையது. மெல்லத் திரும்பி அண்ணாச்சியின் சட்டைப் பையைப் பார்த்தேன். நீலப் பேனா செருகியிருந்தது. ஊருக்கெல்லாம் எப்படிக் குத்த வேண்டும், எப்படி மடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த மனுசன் இதை மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கிற விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடு, செந்திலு."

பிறகு அதிகாரியின் பக்கம் குனிந்து, ரொம்பப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். "சார், இது இப்ப வந்த சட்டமா, இல்ல முன்னாடியே உண்டா?"

"என்னைக்கும் உண்டுங்க."

"தொண்ணூத்தாறுலயும்?"

"தொண்ணூத்தாறுலயும் செல்லாது. ஏன் கேக்குதீங்க?"

முகக்கவசத்துக்கு மேலே அண்ணாச்சியின் கண் இரண்டும் சுருங்கிக்கொண்டே போயின. அழுகிறார் என்று நினைத்து நான் தோளைப் பிடித்தேன். மனுசன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு ஓட்டுச் சேர்ந்திருந்தால் சமம், குலுக்கிப் போட்டிருப்பார்கள், பாதிப் பதவி கையில் இருந்திருக்கும். அதைக் கெடுத்துவிட்டு ஒருத்தர் சிரித்தால் எனக்கு எப்படி இருக்கும்? பேச்சிராஜின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "வண்டிய எடுலே, வீட்டுக்குப் போவோம்" என்றார். வண்டியில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. தொண்ணூற்றாறிலும் சுழி போட்டிருக்கிறார். அந்த ஓட்டு அப்போதும் செல்லவில்லை. ஆனாலும் ஒரு ஓட்டு எண்ணப்பட்டிருக்கிறது.

மதினி வழக்கம்போலச் சொளகோடு உட்கார்ந்திருந்தார். தோற்ற சேதி எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது போல. "கைகால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார். அண்ணாச்சி கழுவவில்லை. செருப்போடு முற்றத்தில் நின்றார்.

"ஏளா, தொண்ணூத்தாறுல நீ யாருக்குப் போட்ட?"

மதினியின் கை நின்றது. அந்தக் கை நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்? ஒங்களுக்குத்தான் போட்டேன். வேற யாருக்குப் போடுவாவ?"

"ஐயம்பெருமாளுக்குப் போடலையா?"

"அவனுக்கா? எங்க மாமன் மவன்தான், யாரு இல்லன்னா. அதுக்காவ ஒங்கள விட்டுட்டு அவனுக்குப் போடுவேனா?"

"பின்ன ஏன்ளா இத்தன வருசம் சொல்லல?"

"ஓட்டு ரகசியம், புருசன் பொஞ்சாதிகூடப் பேசக் கூடாதுன்னு தெருத்தெருவா அட்டையப் புடிச்சிட்டுப் போனது யாரு? நீங்களும் ஒரு வார்த்த கேக்கல. தோத்த வருத்தத்துல மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீயன்னு நெனச்சேன்." சுற்றி முடிக்காத பீடியில் நூலை இறுக்கினார். "ஒரு ஓட்டுன்னு சொன்னதும் எனக்கு வேற மாதிரிதான் தோணுச்சு. அது நான் போட்டது. அப்போ இந்த மனுசன் தனக்குத் தானே போட்டுக்கலன்னு. கூச்சப்பட்டு அடுத்தவனுக்குக் குத்திட்டு வந்திருக்காரேன்னு. எனக்கு அது பெருமையா இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லல."

இருபத்தைந்து வருசம் இந்த அம்மா ஒரு பெருமையை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றியிருக்கிறார். இந்த ஆள் ஒரு சந்தேகத்தைப் பையில் வைத்துக்கொண்டு மனு எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு சுவர்கூடக் கிடையாது.

அண்ணாச்சி அந்தப் பெருமையை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மதினி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இல்லளா. எனக்கு நானேதான் குத்தினேன். மேல சுழி போட்டுக் கெடுத்துட்டேன். அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான். நின்ன நாலு தேர்தல்லயும் என் ஓட்டு எனக்கு விழலளா."

மதினி அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பீடித்தூள் சொளகிலிருந்து சிதறித் தரையெல்லாம் பறக்கிற அளவுக்குச் சிரித்தார். "ஒட்டுன கவருக்கு மேலயும் சுழி போடுத மனுசன்லா! பொட்டிக்குள்ள மட்டும் விடுவீயளா!" என்று அவர் முதுகில் ஒரு அடி வைத்தார். அண்ணாச்சியும் தும்மலுக்கு நடுவே சிரித்தார்.

"லிங்கன் ஒரு தடவதான் தனக்குப் போடல. நான் நாலு தடவ" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பட்டியலில் அவரை முந்திய திருப்தி முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னாலேயே வந்து நின்றார். நன்றி பிளக்ஸ் வேண்டுமாம். தோற்றவர்களும் போடுவது வழக்கம்தான், "வாக்களித்த நல்லுள்ளங்களுக்கு" என்று நான் அடிக்கத் தொடங்கினேன். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மனு எழுதுகிற அதே கையெழுத்து.

*1996 உள்ளாட்சித் தேர்தலில் எனக்கு வாக்களித்த ஒரே வாக்காளர், நாலாவது வார்டு திருமதி இசக்கியம்மாள் அவர்களுக்குத் தாமதமான நன்றி. இப்படிக்கு, தங்கள் கருத்தையா.*

படத்துக்கு மதினியின் வாக்காளர் அட்டையை நீட்டினார். அந்த அட்டைப் படங்களில் யார்தான் மனுசர் மாதிரி இருக்கிறார்கள்? மத்தியானம் வரை உட்கார்ந்து அந்த முகத்தைச் சரி செய்தேன். அண்ணாச்சியின் படம் எங்கே என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார். இருபத்தைந்து வருசத்தில் அவர் முகம் இல்லாமல் நான் அவருக்கு அடித்த முதல் பிளக்ஸ் அது. சுழியை மட்டும் மறக்காமல் உச்சியில் வைத்தேன். யார் தலையிலும் முட்டாமல் நன்றாகவே உட்கார்ந்தது.

தெருமுனையில் கட்டினோம். மதினி வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, மானத்த வாங்குதாரே, எறக்குங்கல அத!" என்று என்னையும் சேர்த்து ஏசினார். கயிற்றை அவிழ்க்கப் போனேன். "நாளைக்கு எறக்கிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் கழித்து, இனியும் விட்டால் திட்டு விழும் என்று பிளக்ஸை இறக்கப் போனேன். காற்றில் ஒரு மூலை கயிறு அறுந்துபோயிருந்தது. ஆனால் பிளக்ஸ் சாயவில்லை. அந்த மூலையை யாரோ கம்பத்தோடு சேர்த்து, பீடி கட்டுகிற நூலால் இருபது முப்பது சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். நான் இறக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.